சர்க்கரை வீட்டுக் குடும்பம் – 4: காஸ்மோவில் ஏறியவர்கள்

இதுவரை: பிரிஸ்டல் துறைமுக நகரத்தில் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஆலை நடத்தியவர் சாமுவேல் பிளாக்வெல். மனைவி ஹன்னா லேன். இங்கிலாந்தின் அரசாங்கத் திருச்சபையோடு ஒட்டாமல் தனிச்சபையில் தொழுத குடும்பம். வீட்டில் கல்யாணமாகாத நான்கு அத்தைமார். அவர்களில் பார்பரா அத்தை பிள்ளைகளை அடிக்கமாட்டார். செய்த குற்றத்தைக் கறுப்பு நோட்டில் எழுதி வைப்பார். கணக்கு ஏறிப்போனால் சாப்பாட்டு நேரத்தில் மச்சுக்கு அனுப்பிவிடுவார். 1821 பிப்ரவரி 3 அன்று அந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்த எலிசபெத்தான், பின்னாளில் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் பெண்.

இந்தக் குடும்பக் கதை நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலிசபெத்தும் அவர் தங்கை எமிலியும் நியூயார்க்கில் 1868இல் தொடங்கிய பெண்கள் மருத்துவக் கல்லூரி 1899இல் மூடப்பட்டது. கார்னெல் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டதால் தனிக் கல்லூரி தேவையில்லை என்று மூடிவிட்டார்கள். அதே 1899இல் கார்னெலில் மருத்துவப் பட்டம் பெற்று, பிறகு வேலூருக்கு வந்து சேர்ந்தவர் ஐடா ஸ்கடர். அந்தக் கதை வர இன்னும் பல வாரம் ஆகும். இப்போது நாம் நிற்பது 1831இல், பிரிஸ்டலில், ஒரு சாப்பாட்டு மேசைக்கு முன்னால்.

*

அந்த மேசையில் சர்க்கரை தூளாக இருக்காது. கூம்பாக இருக்கும்.

நீலக் காகிதம் சுற்றிய, கல்லுபோல் இறுகிய வெள்ளைக் கூம்பு. அதை உடைப்பதற்கென்றே இரும்பில் ஓர் இடுக்கி. வீட்டுக்காரி தேவைக்கு நறுக்கி எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, மீதியைப் பூட்டி வைப்பாள்.

கூம்பு எப்படி வெள்ளையானது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜமைக்காவிலிருந்தும் மற்ற மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பீப்பாய்களில் வந்திறங்குவது பழுப்புச் சர்க்கரை. அதைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கரைத்துக் கொப்பரையில் ஏற்றுவார்கள். நம்மூர் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து அழுக்கெடுப்பதைப் போலத்தான். ஆனால் அங்கே இன்னொன்றும் சேரும்: காளைமாட்டு ரத்தம். சூடேறும்போது ரத்தம் திரைந்து, அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை வழித்து எறிந்துவிட்டு, பாகை வடிகட்டி, மறுபடி காய்ச்சி, நுனியில் துளையிட்ட மண் கூம்புகளைத் தலைகீழாக நிறுத்தி ஊற்றுவார்கள். இறுகியதும் மேலே ஈரக் களிமண்ணை அப்புவார்கள். களிமண்ணின் ஈரம் துளித்துளியாக இறங்கி, உள்ளே தங்கிய கரும்பாகைக் கழுவிக்கொண்டு கீழ்த் துளை வழியே வெளியேறும். மேலிருந்து கீழாக நாள்கணக்கில் கூம்பு வெளுத்துக்கொண்டே வரும்.

வெள்ளைச் சர்க்கரை பூஜைக்கு ஆகாது என்று ஒதுக்கிய பாட்டிமாரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். காரணம் தெரிந்து சொன்னார்களோ தெரியாமல் சொன்னார்களோ, தப்பாகச் சொல்லவில்லை.

ஆனால் பிளாக்வெல் வீட்டுப் பிள்ளைகள் பார்த்த ரத்தம் மாட்டு ரத்தம் அல்ல. பீப்பாய் வந்த தீவுகளில் கரும்பு வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1807இல் பிரிட்டன் நிறுத்தியது அடிமை வியாபாரத்தைத்தான். ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். சாமுவேல் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். வீட்டில் பேச்செல்லாம் அதுதான். கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் ஒரு கட்டத்தில் தாங்களாகவே முடிவெடுத்தார்கள்: அடிமை செய்த பண்டம் நமக்கு வேண்டாம். சர்க்கரையை நிறுத்தினார்கள்.

சர்க்கரை ஆலைக்காரர் வீட்டில்.

இப்படிச் சர்க்கரையை ஒதுக்குவது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1791இலேயே இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்த விரதத்தை எடுத்திருந்தன. பிறகு வந்த பீங்கான் கிண்ணங்களில், இது கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல என்று எழுதியே விற்றார்கள். கிழக்கிந்தியா என்றால் நம் நாடு. கம்பெனி ஆட்சியில் கரும்பு விளைவித்தவன் என்ன சுகத்தில் இருந்தான் என்று அந்தக் கிண்ணம் சொல்லவில்லை.

*

1831 அக்டோபர் 29, சனிக்கிழமை.

பிரிஸ்டலுக்கு நீதிபதியாக சர் சார்ல்ஸ் வெதரல் வந்து இறங்குகிறார். வாக்குரிமையை விரிவாக்கும் சீர்திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் மூர்க்கமாக எதிர்த்தவர். அந்த மாதம் 8ஆம் தேதிதான் பிரபுக்கள் சபை மசோதாவைத் தள்ளுபடி செய்திருந்தது. ஊர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, அந்த மனிதர், ஊர்வலமாக.

கல் பறந்தது. வெதரல் மாறுவேடம் போட்டு, கூரைகள் மேல் ஏறித் தப்பி ஓடினார். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூட்டத்தின் கைக்குப் போனது. சிறைகளை உடைத்துக் கைதிகளை வெளியே விட்டார்கள். பேராயர்கள் மசோதாவுக்கு எதிராக வாக்களித்தவர்கள் என்பதால் பேராயர் மாளிகையைக் கொளுத்தினார்கள். பணக்காரர்கள் வாழ்ந்த குவீன் சதுக்கத்தின் இரண்டு பக்கம் எரிந்து தரைமட்டமானது.

உடைபட்ட சிறைகளில் ஒன்று பிரைட்வெல். அது இருந்தது நெல்சன் தெருப் பக்கம். நெல்சன் தெருவில்தான் பிளாக்வெல் குடும்பத்தின் வீடும் ஆலையும் இருந்தன. எலிசபெத்துக்கு அப்போது பத்து வயது.

திங்கட்கிழமை குதிரைப்படை வாளை உருவிக்கொண்டு புகுந்த பிறகே அடங்கியது. ஆரம்பத்தில் கூட்டத்தின் மேல் படையை ஏவத் தயங்கிய கர்னல் பிரெரெட்டனை ராணுவ விசாரணையில் நிறுத்தினார்கள். விசாரணை முடியும் முன்பே அவர் தன்னைச் சுட்டுக்கொண்டார். 1832 ஜனவரியில் கலகக்காரர்கள் நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள்.

சாமுவேலின் நிலைமை விசித்திரமானது. கொள்கைப்படி அவர் சீர்திருத்தக் கட்சி. அவரைப் போன்ற தனிச்சபைக்காரர்கள் அரசாங்கப் பதவி வகிக்க இருந்த தடைச் சட்டங்கள் 1828இல்தான் நீங்கியிருந்தன. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அவர் பிள்ளைகளுக்குப் பட்டம் தராது. ஆனால் சொத்துப்படி அவர் ஆலை முதலாளி. கூட்டம் கேட்டது நியாயம் என்று தோன்றும். கூட்டத்தின் கையில் இருந்த தீப்பந்தத்தைப் பார்த்தால் பாகும் விறகும் நிறைந்த ஆலை கண்ணில் வரும்.

*

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் எப்போதும் முட்டிக்கொள்ளும் கேள்வி: ஏன் கிளம்பினார்கள்?

எங்கே, எப்போது, எந்தக் கப்பல் என்பதற்கெல்லாம் காகிதம் கிடைக்கும். ஏன் என்பதற்குக் கிடைக்காது. கிடைத்தாலும் அது கிளம்பிய பிறகு, சில சமயம் ஒரு தலைமுறைக்குப் பிறகு, சொந்தக்காரர்கள் சேர்ந்து ஒழுங்குபடுத்திக்கொண்ட காரணமாக இருக்கும். எலிசபெத் தன் நினைவுகளை நூலாக வெளியிட்டது 1895இல். அப்போது அவருக்கு 74 வயது.

வெளியே தெரிகிற காரணங்கள் மூன்று. தொழில் ஆட்டம் கண்டிருந்தது. நல்ல லாபம் தந்த ஆலை ஒன்றைத் தீ தின்றிருந்தது. கொதிக்கும் பாகு, இரவும் பகலும் எரியும் உலை, மரத் தளங்கள் என்று சர்க்கரை வீடுகள் தீப்பிடிப்பது அன்று சகஜம். மூன்றாவது, ஊரே எரிந்த அந்த அக்டோபர்.

நான்காவதாக ஒன்று உண்டு என்பது என் எண்ணம். சொந்தப் பிள்ளைகள் நீ காய்ச்சுவதை நாங்கள் தொடமாட்டோம் என்று சாப்பாட்டு மேசையில் தினமும் சொல்லாமல் சொல்லும்போது, ஒரு தகப்பனுக்குப் புது ஊர் பற்றிய ஆசை கொஞ்சம் கூடுதலாகவே வரும். இதற்குக் காகிதச் சான்று கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், அவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதே ஊர் திருந்த ஆரம்பித்தது. கலகத்துக்குக் காரணமான சீர்திருத்த மசோதா 1832 ஜூன் 7 அன்று சட்டமானது. குடும்பம் கப்பலேறியது ஆகஸ்டில்.

*

இப்படிக் கடல் தாண்டிய ஓர் ஆங்கிலக் குடும்பத்தை ஆவணங்களில் பின்தொடர்வது சுலபமில்லை. எங்கெல்லாம் வழுக்கும் என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பை அரசாங்கம் பதிவு செய்யத் தொடங்கியது 1837 ஜூலை 1 முதல்தான். அதற்கு முன்பு எல்லாம் கோயில் ஏடு. அதிலும் பிளாக்வெல்களைப் போன்ற தனிச்சபைக்காரர்களுக்கு ஒரு சிக்கல். குழந்தைகளின் ஞானஸ்நானம் அவர்கள் சபையின் ஏட்டில் இருக்கும். ஆனால் 1754க்கும் 1837க்கும் இடையில் குவேக்கர்கள், யூதர்கள் தவிர மற்ற எல்லாரும் அரசாங்கத் திருச்சபைக் கோயிலில் கல்யாணம் செய்தால்தான் சட்டப்படி செல்லும். ஆகவே பிள்ளை ஓர் ஏட்டில், பெற்றோர் இன்னோர் ஏட்டில். ஒரே கோயிலில் தேடிவிட்டு இவர்கள் கல்யாணமே செய்யவில்லை என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

இங்கிலாந்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரையும் நாடு முழுக்க எழுதிய முதல் மக்கள்தொகைக் கணக்கு 1841இல். அதில் இந்தக் குடும்பத்தைத் தேடிப் பயனில்லை. ஒன்பது வருடம் முன்பே போய்விட்டார்கள்.

அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் வெளிச்சம். 1819இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு கப்பலின் தலைவரும் பயணிகள் பட்டியலைச் சுங்க அதிகாரியிடம் தர வேண்டும். பெயர், வயது, ஆணா பெண்ணா, தொழில், எந்த நாட்டவர், எந்த நாட்டில் குடியேற எண்ணம், வழியில் இறந்தவர் எத்தனை பேர். எல்லிஸ் தீவு திறந்தது 1892இல். அதற்கு முந்தைய காசில் கார்டன்கூட 1855இல்தான். 1832இல் வந்தவர்களுக்கு வரிசையும் இல்லை, வைத்தியப் பரிசோதனை மண்டபமும் இல்லை. துறையில் இறங்கினால் ஊர். மிஞ்சியது அந்தப் பட்டியல் ஒன்றுதான்.

தொழில் என்ற கட்டத்தில் சாமுவேல் என்ன எழுதச் சொல்லியிருப்பார்? சர்க்கரை என்றா?

*

கப்பலின் பெயர் காஸ்மோ. தகப்பன், தாய், எட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையும் கூட வந்தார்.

வரிசையாகச் சொன்னால்: அன்னா, மரியன், எலிசபெத், சாமுவேல், ஹென்றி, எமிலி, எல்லன், ஹோவர்ட். மூத்தவளுக்குப் பதினாறு, கடைக்குட்டி ஹோவர்டுக்கு ஒரு வயசு. தகப்பன் பெயரும் சாமுவேல், மகன் பெயரும் சாமுவேல் என்பதை ஆவணம் தேடுகிறவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள்.

பாய்மரக் கப்பல். ஏறக்குறைய ஏழு வாரம். காலரா கடலின் இரு கரையிலும் இருந்தது. அந்தக் கோடையில் நியூயார்க்கில் மட்டும் 3,500 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். பிரிஸ்டலிலும் அதே நோய்.

இந்தப் பயணத்தில் நான் சற்று நின்று பார்ப்பது ஹன்னாவை. சாமுவேலைப் பற்றி எழுதுகிறவர்கள் கொள்கை, சுதந்திரம் என்று எழுதுவார்கள். ஹன்னா இடுப்பில் ஒரு வயதுக் குழந்தையோடும் வயிற்றில் இன்னொன்றோடும் ஏறினார். ஆடுகிற கப்பலில், கர்ப்பிணி, ஏழு வாரம். அவர் வர விரும்பினாரா என்று யாரும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

வயிற்றில் இருந்தது பையன். அதே 1832 முடிவதற்குள் நியூயார்க்கில் பிறந்தான். பெயர் என்ன வைத்தார்கள் தெரியுமா? ஜார்ஜ் வாஷிங்டன் பிளாக்வெல்.

சுதந்திரம் வந்த காலத்தில் நம் ஊர்களில் காந்தி, நேரு, சுபாஷ் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்களே, அந்த மாதிரி. ஆனால் இங்கே வைத்தவர் ஓர் ஆங்கிலேயர். வைத்ததோ ஆங்கில அரசனைத் தோற்கடித்தவனின் பெயர். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை என்பதை ஒரு தகப்பன் இதைவிடத் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.

*

நியூயார்க்கில் சாமுவேல் என்ன தொழில் செய்தார்?

சர்க்கரை.

வேறென்ன தெரியும் அவருக்கு? மறுபடியும் ஆலை, மறுபடியும் கொப்பரை, மறுபடியும் கூம்பு. நியூயார்க் மாநிலத்தில் 1827இலேயே அடிமை முறை முடிந்திருந்தது. ஆனால் ஆலைக்கு வந்த பழுப்புச் சர்க்கரை எங்கிருந்து வரும்? கியூபாவும் லூசியானாவும்தான். இரண்டிலும் கரும்பு வெட்டியது அடிமைகள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. சாமுவேல் பிரிஸ்டலில் இரண்டே வருடம் பொறுத்திருந்தால் போதும். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒழிப்புச் சட்டம் போட்டது. 1834 ஆகஸ்ட் 1 முதல் மேற்கிந்தியத் தீவுகளில் காகிதத்திலாவது அடிமை கிடையாது. எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுண்டு நஷ்டஈடு. அடிமைகளுக்குச் சல்லிக்காசு இல்லை. ஆனாலும் பிரிஸ்டலுக்கு வந்த பீப்பாய் மாறியது. நியூயார்க்குக்கு வந்த பீப்பாய் மாற இன்னும் ஒரு தலைமுறை ஆகும். அமெரிக்காவில் அடிமை முறை முடிந்தது 1865இல்.

அடிமைச் சர்க்கரை உறுத்திய மனிதர், அது முடியப்போகும் நாட்டை விட்டு, முடியாத நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

போன இடத்தில் சும்மா இருக்கவில்லை. லிபரேட்டர் பத்திரிகை நடத்திய வில்லியம் லாயிட் காரிசன் வீட்டுக்கு வந்துபோகும் அளவுக்கு ஒழிப்பு இயக்கத்தோடு நெருக்கமானார். அது நாற்காலியில் சாய்ந்து பேசும் பொழுதுபோக்கு அல்ல. 1834 ஜூலையில் நியூயார்க்கில் ஒழிப்புக்காரர்களுக்கு எதிராகப் பெரும் கலவரம். வியாபாரி லூயிஸ் டாப்பன் வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். சாமுவேல் காக்ஸ் என்ற பாதிரியாரின் வீட்டையும் கோயிலையும் தாக்கினார்கள். அவர் செய்த குற்றம், இயேசு நம்மைவிடக் கருத்த இனத்தில் பிறந்தவர் என்று பிரசங்க மேடையில் சொன்னது.

காக்ஸ் குடும்பம் ஓடிப்போய் ஒளிந்த இடம், லாங் ஐலண்டில் பிளாக்வெல்கள் இருந்த வீடு.

எலிசபெத்துக்கு அப்போது 13 வயது. பிரிஸ்டலில் ஜன்னலுக்கு வெளியே கேட்ட கூச்சல், இங்கே வீட்டுக்குள் விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்தது. முதல் கலகத்தில் கூட்டம் வாக்குரிமை கேட்டது. இரண்டாவதில் கூட்டம் அடுத்தவன் உரிமை கேட்பதைத் தடுத்தது. கூட்டம் என்றால் இப்படி என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

தொழில் மட்டும் நிலைக்கவேயில்லை. சில ஆண்டுகளில் நியூயார்க் ஆலையும் தீயில் போனது. 1837 மே 10 அன்று நகரத்து வங்கிகள், நோட்டுக்குத் தங்கமும் வெள்ளியும் தரமாட்டோம் என்று கைவிரித்தன. நாடே கடனில் அமுங்கியது. ஆசிரியையும் வேலைக்காரர்களும் வைத்து வாழ்ந்த குடும்பம் பைசா பைசாவாக எண்ணத் தொடங்கியது.

*

அப்போதுதான் சாமுவேலுக்கு ஒரு யோசனை. கேட்டால் சிரிப்பு வரும். பீட்ரூட்.

சிரிக்க வேண்டாம். பீட்ரூட் இனத்துக் கிழங்கில் இருப்பதும் கரும்பில் இருப்பதும் ஒரே சர்க்கரை என்று பெர்லினில் மார்க்ராஃப் 1747இலேயே நிரூபித்திருந்தார். ஆங்கிலேயர் கடலை மறித்துக் கரும்புச் சர்க்கரையைத் தடுத்தபோது நெப்போலியன் பிரான்ஸில் இதைத்தான் ஊக்கப்படுத்தினார். பீட்ரூட் குளிர்நாட்டுப் பயிர். கரும்புத் தோட்டமும் வேண்டாம், சாட்டையும் வேண்டாம். குடியானவன் தன் நிலத்தில் போட்டுக்கொள்ளலாம். அடிமையின் கைபடாத சர்க்கரை!

ஒழிப்பு இயக்கத்தில் இந்தக் கனவு பலருக்கு இருந்தது. டேவிட் லீ சைல்ட் என்ற வழக்கறிஞர் ஐரோப்பாவுக்கே போய்ப் படித்துவிட்டு வந்து, மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் பீட்ரூட் சர்க்கரை காய்ச்சிப் பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டார். சாமுவேலின் கண் மேற்கே போனது. ஒஹையோ நதிக்கரை, சின்சினாட்டி. மண் வளம், ஆற்றுப் போக்குவரத்து, வளரும் ஊர்.

1838இல் குடும்பம் கிளம்பியது. கால்வாய்ப் படகிலும் குதிரை வண்டியிலும் பென்சில்வேனியா மலைகளைத் தாண்டி, பிறகு ஒஹையோ ஆற்றில் கப்பல். எலிசபெத்துக்கு அந்த மலையும் ஆறும் கொள்ளை அழகாகத் தெரிந்தன. பதினேழு வயது.

சின்சினாட்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். பன்றி வெட்டி உப்பிட்டு ஏற்றுமதி செய்யும் ஊர். பன்றிப் பட்டணம் என்றே அதற்குப் பட்டப்பெயர். இக்கரையில் ஒஹையோ, சுதந்திர மாநிலம். அக்கரையில் கென்டக்கி, அடிமை மாநிலம். நடுவில் ஓடுவது ஆறு மட்டும். இரண்டு வருடம் முன்புதான், ஜேம்ஸ் பிர்னி நடத்திய ஒழிப்புப் பத்திரிகையின் அச்சு இயந்திரத்தை உடைத்து இதே ஆற்றில் தள்ளியிருந்தார்கள்.

*

இனி வரும் தேதிகளை மெதுவாகப் படியுங்கள்.

1838 மே 5. விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் தென்னமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. கல்கத்தாவிலிருந்து வந்தவை. விடுதலையாகப்போகும் ஆப்பிரிக்கர்களின் இடத்தில் கரும்பு வெட்ட, ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துவரப்பட்ட இந்தியர்கள் அதில் இருந்தார்கள். இந்த ஏற்பாட்டை முன்னின்று செய்த தோட்ட முதலாளி ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டனின் தகப்பனார். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் நம் ஆட்களை இறக்கியதும் இதே கரும்புக்காகத்தான்.

1838 ஆகஸ்ட் 1. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளைப் பயிற்சித் தொழிலாளர் என்ற பெயரில் கட்டிவைத்திருந்த ஏற்பாடும் முடிந்தது. அன்றுதான் முழு விடுதலை. சாமுவேல் பிளாக்வெல் வாழ்நாளெல்லாம் எதிர்பார்த்த நாள்.

சின்சினாட்டியில் அவர் அப்போது இருந்தது மரணத்தின் பக்கம். பித்தக் காய்ச்சல் என்றார்கள் அந்தக் கால வைத்தியர்கள்.

1838 ஆகஸ்ட் 7. சாமுவேல் இறந்தார்.

ஆறு நாள் இடைவெளி. விடுதலை நடந்த செய்தியைக் கப்பலும் படகும் சுமந்துகொண்டு ஒஹையோவுக்கு வந்து சேர்வதற்குள் அவர் மண்ணுக்குள் போயிருப்பார். பீட்ரூட் விதை மண்ணுக்குள் போகவேயில்லை.

விட்டுப்போனது: விதவை, ஒன்பது பிள்ளைகள், கடன். குடும்பக் கதையில் திரும்பத் திரும்ப வரும் தொகை 20 டாலர். ஜார்ஜ் வாஷிங்டனுக்கு ஆறு வயதுகூட ஆகவில்லை.

*

அழுது முடிப்பதற்குள் மூத்த மூன்று பெண்கள் வாசலில் பலகை மாட்டினார்கள். பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், தங்கிப் படிக்கவும் வசதி. தகப்பன் மகன்களுக்குக் கொடுத்த படிப்பையே மகள்களுக்கும் கொடுத்திருந்தார் என்பது அன்றைக்கு வீட்டில் அடுப்பெரிய வைத்தது. எலிசபெத்துக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. பிடிக்கிறதா என்று கேட்கும் நிலைமையில் யாரும் இல்லை. 1842 வரை எப்படியோ ஓடியது.

இந்த இடத்தில் ஆவணம் தேடுகிறவர்களுக்கு மறுபடி இருட்டு. 1840 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் எழுதுவார்கள். மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்கள். எலிசபெத் அப்போது வெள்ளைப் பெண், 15 முதல் 20க்குள் என்ற கட்டத்தில் விழும் ஒரு எண்ணிக்கை. எல்லார் பெயரையும் எழுதியது 1850இல். அப்போதுகூடச் சுதந்திர மனிதர்களின் பெயரை மட்டும். அடிமைகளுக்குத் தனிப் படிவம். அதில் எஜமானன் பெயரின் கீழே வயது, பால், நிறம். பெயர்க் கட்டமே கிடையாது. ஆங்கிலக் குடியேறியின் குடும்ப மரத்தைத் தேடுகிறவன் பத்து வருட இருட்டைத் தாண்டினால் போதும். ஆற்றுக்கு அக்கரையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அந்தப் பெயரில்லாத வரிகளோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

1844. எலிசபெத்துக்கு 23 வயது. வீட்டுக் கடன் தீரவில்லை. தம்பிமார் இன்னும் தலையெடுக்கவில்லை. அப்போது ஒரு வேலை தேடி வருகிறது. பெண்கள் பள்ளிக்கூடம், தலைமை ஆசிரியை, நிலையான சம்பளம்.

இடம் ஹென்டர்சன். ஆற்றுக்கு அக்கரையில், கென்டக்கியில். சமைப்பவரும் பரிமாறுபவரும் துவைப்பவரும் விலைக்கு வாங்கப்பட்டவர்களாக இருக்கும் வீடுகளில் தங்கி, அந்த வீட்டுப் பெண்களுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். சம்பளமாக வரும் பணமும் அந்த வீடுகளிலிருந்து வருவதுதான்.

பிரிஸ்டல் மேசையில் சர்க்கரைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்த அந்தச் சிறுமி, இந்த மேசையில் உட்காருவாளா?

(அடுத்த வாரம்)